வெளிர்நீல அங்கியின் மேல் ஒரு நாணல் கதிர்

“ஓடிப்போனான்னு மட்டும் என் காதுபடச் சொல்லாத, ஓரோகு. முதுகு தேய்க்கிறதா இருந்தா தேய். இல்லன்னா அந்தத் தவிட்டுப் பையை இங்க குடு, நானே தேச்சுக்கிறேன்.”

“நானாக்கா சொல்றேன்? ஊரே சொல்லுது. பூவாக் குடுத்துக் குடுத்தே நடிகர் மினெஷிரோவைச் சாகடிக்கப் பாத்தான் அந்தச் செதுக்குக்காரன். மனுஷன் சாகலன்னதும் ராவோட ராவா மூட்டையைக் கட்டிட்டான்னு.”

“பட்டப்பகல்ல போனான். என் கண்ணு முன்னால, நடந்து போனான். உனக்கென்ன தெரியும்? நீ அப்ப வாக்கப்பட்டு இந்தச் சந்துக்கே வரல.”

“சரி, பூ குடுத்தது பொய்யா?”

“பொய்யில்ல.”

“உயிரோட இருக்கிறவருக்குச் சாவுப் படம் செதுக்கினது?”

“அதுவும் பொய்யில்ல.”

“பின்ன எதுக்குக்கா அவனுக்கு வக்காலத்து?”

பொதுக் குளியல் கூடத்தில் பெண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதனின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. சொல்லி முடிப்பதற்குள் மயக்கம் வந்துவிடும். அதனால்தான் நிதானமாக இங்கே சொல்கிறேன். அந்தச் செதுக்குக்காரன் உனோசுகே செய்ததைச் செய்தான் என்றுதான் நானும் சொல்வேன். செய்யாததைச் செய்தான் என்று ஒருத்தியையும் சொல்ல விடமாட்டேன்.

இது பெரிய நிலநடுக்கத்துக்கு முந்தி நடந்தது. எடோ நகரத்து அசாகுசாவில் நாடகத் தெருவுக்குப் பின்சந்தில் எங்கள் வரிசை வீடுகள் இருந்தன. எனக்கும் உனோவுக்கும் நடுவில் ஒரு சுவர்; உனோசுகேயை நான் உனோ என்றுதான் கூப்பிடுவேன். சுவரென்று பெயர்தான், அவன் கொட்டாவி விட்டால் எனக்குத் தூக்கம் வரும். நான் சந்தின் முனையிலிருந்த நடிகர் மினெஷிரோவின் வீட்டில் சமையலும் துணியும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனோ சோஷிக் கடற்கரையில் படகு கட்டும் தச்சனின் மகன். அப்பனுக்குப் பெரிய மரம், மகனுக்குச் சின்ன மரம். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் எடோவுக்கு வந்து ஒரு செதுக்குக்காரரிடம் சேர்ந்தான். வரைந்த தாளைப் பலகையில் ஒட்டிச் செதுக்கி, அதில் மை பூசி அச்சடித்தால்தான் கடையில் விற்கிற படம். முதலில் எழுத்துகளைச் செதுக்கவிட்டார்கள். பிறகு அங்கியின் கோலங்கள், பிறகு கையும் காலும். கடைசியில்தான் முகமும் தலைமுடியும். அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நெற்றியில் மயிர் தொடங்கும் இடம் இருக்கிறதே, அங்கே செர்ரி மரப் பலகையில் அவன் விடும் கோடுகளைப் பார்த்தால் ஊதினால் அசையும் போலிருக்கும். அந்தக் கோடு இழுக்கும்போது மூச்சு விடமாட்டான். தும்மல் வந்தால் கத்தியை வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடுவான். அவன் பெண்டாட்டி ஓசென் சொல்வாள்: “இவர் நிம்மதியா மூச்சு விடறதே என்கூடச் சண்டை போடும்போதுதான்.” அவளும் ஒரு கோடைக் காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தை கிடையாது.

அதற்குப் பிறகு சாயங்காலமானால் மினெஷிரோ வீட்டில்தான் இருப்பான். மினெஷிரோ மேடையில் பெண் வேஷம் கட்டுகிறவர். நல்ல காலத்தில் அவர் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு அழுதால் மேல்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மீன்காரனும் மூக்கைச் சிந்துவான். அவருடைய படங்களில் பாதிக்கு முகம் செதுக்கியது உனோதான். “என்னைப் பெத்தவ ஒரு தடவைதான் பெத்தா. நீ இருபது முப்பது தடவை பெத்திருக்கியேடா” என்பார் அவர். உனோ காது சிவந்து தலையைக் குனிந்துகொள்வான். வாய் சாமர்த்தியம் இல்லாதவன். அவர் பேசுவார், இவன் கேட்பான். இரண்டு பேருக்கும் அது போதுமாயிருந்தது.

எனக்கு எழுத்து வராது. ஆனால் படம் வரும். எங்கள் தெருவில் எல்லோருக்குமே அப்படித்தான். படத்தில் ஒரு பெண் குடையோடு நிற்கிறாள் என்றால், அவள் எந்த மாதத்தில் நிற்கிறாள் என்று பக்கத்தில் எழுத வேண்டியதில்லை. மேலே காட்டு வாத்துகள் வரிசையாகப் பறந்தால் குளிர் வரப்போகிறது. வேலியோரம் ஐரிஸ் இருந்தால் மழை. ஒருமுறை ஒரு கடைக்காரர், மேப்பிள் இலை சிவந்து கிடக்கிற இலையுதிர்காலப் படத்தில் பெண்ணின் கையில் கோடைகால மின்மினிக் கூண்டைக் கொடுத்துவிட்டார். சந்தே கூடி நின்று சிரித்தது. அந்தப் படத்தைக் கடைசியில் மிட்டாய் மடிக்கத்தான் கொடுத்தார்.

ஒரு நடிகர் இறந்தால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சாவுப் படம் கடையில் தொங்கும். வெளிர்நீல அங்கி, கையில் ஜெபமாலை, காலடியில் அந்த மாதத்துப் பூ. அழுதுகொண்டே வாங்கி வந்து சுவரில் ஒட்டுவோம். அந்தப் பூவைத்தான் முதலில் பார்ப்போம். வெளியே வேலியில் என்ன பூத்திருக்கிறதோ அதுவே படத்திலும் இருந்தால், யாரோ துக்கத்தோடு உட்கார்ந்து அவசர அவசரமாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்று மனது நம்பும். போன மாதத்துப் பூ இருந்துவிட்டால் போச்சு. ஆள் உயிரோடிருக்கும்போதே செதுக்கி வைத்து, எப்போது போவார் என்று காத்திருந்தார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட படத்தைக் கையால் தொடமாட்டோம்.

அந்த வருஷம் ஏழாம் மாதத்தில், இலையுதிர்காலம் தொடங்கும்போது, மினெஷிரோ நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டு படுக்கையில் விழுந்தார். கால் வீங்கிவிட்டது. வைத்தியர் கைகழுவித் துடைத்துக்கொண்டே என்னைத் தனியே அழைத்து, “முதல் குளிரைத் தாங்கமாட்டார்மா” என்றார்.

அந்தப் பேச்சு எப்படிப் போயிற்றோ, படக்கடை முதலாளி ஓகிஷிமாயா உனோவின் வாசலில் வந்து நின்றார். அங்கே நடந்ததை உனோவே பிறகு என்னிடம் சொன்னான், ஒரு வார்த்தை மறைக்காமல்.

“உனோசுகே, மினெஷிரோவுக்கு எப்படி இருக்காம்?”

“முதல் குளிர் தாங்காதுன்னு வைத்தியர் சொன்னாராம்.”

“அப்ப நாணல் போட்டுக்கலாம்.”

உனோவுக்கு முதலில் புரியவில்லை. முதலாளி மடியிலிருந்து வரைந்த தாளை எடுத்து விரித்தார். வெளிர்நீல அங்கிக்கான கோடுகள், ஜெபமாலை, காலடியில் ஒரு நாணல் புதர்.

“மனுஷன் இன்னும் உயிரோட இருக்காரு, முதலாளி.”

“இருக்கட்டும்யா. நல்லா இருக்கட்டும். நான் என்ன சாகச் சொல்றேனா? செதுக்கி வெச்சுக்கோ, அவ்வளவுதான். உனக்கு வேண்டாமா? சொல்லு, எதிர்ச் சந்து கோன்பெய் இருக்கான். அவன் கையில மினெஷிரோ முகம் எப்படி வரும்னு உனக்கே தெரியும். வேகவெச்ச சேப்பங்கிழங்கு.”

உனோ அதில்தான் விழுந்தான். அவனுக்குக் கை நிறைய வேலை இருந்தது, வயிற்றுக்குக் குறை இல்லை. தான் பெற்ற அந்த முகம் கடைசித் தடவை இன்னொருத்தன் கையில் கோணிப்போகக் கூடாது என்று நினைத்தான். அது பிரியமா, கர்வமா என்று என்னைக் கேட்டால், இரண்டும் ஒரே பானையில் வெந்தது என்பேன்.

அந்தத் தாளைப் பலகையில் ஒட்டிச் செதுக்கினான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு உளிச் சத்தம் கேட்டது. ஏதோ வேலை என்று நினைத்தேன்.

மறுநாள் கையில் நாணலோடு மினெஷிரோவைப் பார்க்க வந்தான். ஆற்றங்கரையில் பறித்ததாம். செதுக்குவதற்காகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த அதே கதிர்கள். வேலை முடிந்ததும் தூக்கிப்போட மனமில்லாமல் கொண்டுவந்திருக்கிறான். அப்போது எனக்கு அது தெரியாது. ஜாடியில் வைத்தேன்.

மினெஷிரோ கண்ணைத் திறந்து பார்த்தார். “வெளிய நாணல் வந்துடுச்சா? பாரு, இந்தப் படுக்கையில எனக்குக் காலமே தெரியல. இனிமே நீதான்டா எனக்குப் பஞ்சாங்கம். என்ன பூக்குதோ கொண்டுவந்து காட்டு.”

“சரிங்கய்யா” என்றான் உனோ. தலை நிமிரவில்லை. வழக்கமான வெட்கம் என்று நினைத்தேன்.

முதல் குளிர் வந்தது. மினெஷிரோ போகவில்லை. கஞ்சி கேட்டார், பிறகு ஊறுகாய் கேட்டார், பிறகு ஊறுகாயில் உப்பு போதவில்லை என்று என்னோடு சண்டை போட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! வெளியே நாணல் பஞ்சு பறந்து மொட்டையாகிவிட்டது. சாமந்தி வந்துவிட்டது.

ஓகிஷிமாயா திரும்பவும் வந்தார். “நாணல் காலம் போச்சே, உனோசுகே.”

“போச்சுங்க.”

“சாமந்தியா மாத்திடு.”

மாற்றுவது எப்படியென்றால், பலகையில் பூ இருக்கும் இடத்தை மட்டும் தோண்டியெடுத்துவிட்டு அதே அளவில் வேறொரு கட்டையைத் தட்டி இறக்கி, அதில் புதிதாகச் செதுக்க வேண்டும். உனோ நாணலைத் தோண்டினான். ஆனால் ஒரே ஒரு கதிர் புதரிலிருந்து நீண்டு அங்கியின் ஓரத்தின் மேல் சாய்ந்திருந்தது. அதை எடுத்தால் அங்கியின் கோடும் கூடவே போய்விடும். மடிப்பென்று நினைத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டான். சாமந்தியைச் செதுக்கி முடித்ததும், அந்தச் சாமந்தி எங்கள் ஜாடிக்கு வந்தது.

“சாமந்தி! நீண்ட ஆயுசுக்குப் பூ. உனக்குத்தான்டா என்மேல அக்கறை” என்றார் மினெஷிரோ. என்னைப் பார்த்து, “இவளும் இருக்காளே, உப்பில்லாத ஊறுகாய் போட்டே கொல்றா” என்றார்.

உனோ அன்று தேநீர் கூடக் குடிக்கவில்லை. வாசலில் என்னிடம், “அக்கா, நான் இனிமே வரலன்னா அவர் கேப்பாரா?” என்றான்.

“கேக்காம? உயிரையே எடுத்துடுவாரு. என்னடா, உடம்பு சரியில்லையா?”

“இல்லக்கா” என்று போய்விட்டான். மறுநாளும் வந்தான். வராமலிருக்கவும் அவனால் முடியவில்லை. அவர் பிழைத்து எழுவதைப் பார்த்தால் அவன் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. நான் குருடி இல்லை. அந்தச் சந்தோஷத்துக்குக் கீழே வேறொன்று இருந்ததை மட்டும்தான் நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் கொஞ்சம் தேறத் தேற, பலகையில் ஒரு பூ பொய்யாகிக்கொண்டிருந்தது.

சாமந்தியும் போயிற்று. பனி விழுந்தது. சுய்சென் பூத்தது, வெள்ளை இதழுக்கு நடுவில் மஞ்சள் கிண்ணம் வைத்த குளிர்காலப் பூ. பலகையில் ஒட்டுக்கட்டைக்குள் ஒட்டுக்கட்டை. எங்கள் ஜாடியிலும் சுய்சென்.

பதினோராம் மாதம் நாடகக் கொட்டகையில் புது வருஷக் குழுவை அறிமுகப்படுத்தும் நாள். மினெஷிரோ அடம்பிடித்தார். மேடையேற மாட்டாராம், சும்மா போய் எல்லோருக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுவாராம். “ரசிகருங்க நான் செத்துட்டேன்னு நினைச்சுடப் போறாங்க” என்றார். போனார். கொட்டகையின் பின்வாசலில் பனியில் கால் வழுக்கி அப்படியே விழுந்து நினைவு தப்பிவிட்டது. ஒரு கதவுப் பலகையில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு தெரு வழியாக வந்தார்கள். அப்படித் தூக்கிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கடைகளில் இருந்தவர்கள் எல்லாம் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.

வீட்டில் படுக்க வைத்தோம். நெற்றி கொதித்தது. பெரிய வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து நெற்றி கண்ணெல்லாம் மூடும்படி போட்டுவிட்டுக் கரி வாங்க ஓடினேன். அந்த நேரத்தில்தான் உனோ வாசலுக்கு ஓடிவந்திருக்கிறான். கதவு திறந்து கிடந்தது. உள்ளே மினெஷிரோ மல்லாந்து கிடக்கிறார், முகத்தின் மேல் வெள்ளைத் துணி. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

உள்ளே வந்து காலில் விழுந்து அழுதிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் மூச்சு ஓடுவது தெரிந்திருக்கும். அவன் உள்ளே வரவில்லை. திரும்பி ஓகிஷிமாயாவின் கடைக்குப் போனான்.

அடுத்த நாள் மதியத்துக்குள் மினெஷிரோ கண் விழித்துக் கஞ்சி குடித்துவிட்டார். அதற்கும் மறுநாள் காலை சந்தில் படம் விற்பவனின் குரல் கேட்டது. “மினெஷிரோவின் கடைசித் திருமுகம்! கண்ணீரோடு செதுக்கியது! முந்தாநாள் பனியில் மறைந்த மினெஷிரோ!”

நான் அடுப்பங்கரையில் உறைந்துபோய் நின்றேன். மினெஷிரோ தலையணையிலிருந்து, “யாரு மறைஞ்சதாம்?” என்றார்.

“யாரோங்க. எனக்குச் சரியாக் காதுல விழல.”

“எனக்கு நல்லா விழுந்துச்சு. போய் ஒண்ணு வாங்கிட்டு வா.”

“மாட்டேன்.”

“என் சாவுப் படத்துக்கு நீ என்னடி தடை? வாங்கிட்டு வா.”

நான் அசையவில்லை. கடைசியில் அவரே போர்வையோடு தவழ்ந்து போய் ஜன்னல் கதவைத் தள்ளி, “இந்தாப்பா, எனக்கு ஒண்ணு குடு” என்றார். விற்பவன் அவரைப் பார்த்தான், கையிலிருந்த படத்தைப் பார்த்தான். படக்கட்டு அப்படியே விழுந்து பனியில் சிதறியது. அவன் திரும்பிப் பார்க்காமல் ஓடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

நான் போய் ஒன்றைப் பொறுக்கி வந்தேன். மினெஷிரோ மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். முகம் அவ்வளவு அழகு. கண் மூடியும் மூடாமலும், கன்னம் கொஞ்சம் ஒட்டி, உதட்டில் ஏதோ சொல்லி முடித்த அமைதி. காலடியில் பனியும் சுய்சென்னும். ஜாடியில் இருந்த அதே வளைவு, அதே மடங்கிய இலை. அவர் ஜாடியைப் பார்த்தார். பிறகு விரலால் அங்கியின் ஓரத்தைத் தொட்டார்.

“இது என்ன?”

குனிந்து பார்த்தேன். வெளிர்நீலத்தின் மேல் மெல்லிசாக ஒரு கதிர். மடிப்பென்றுதான் நானும் நினைத்திருப்பேன், அவர் விரல் வைக்காவிட்டால்.

“நாணல்” என்றேன்.

“பனியில எங்கேர்ந்துடி நாணல்?”

அவர் கேட்டது என்னை இல்லை. இரண்டு பேருக்குமே விளங்கிவிட்டது. ஏழாம் மாதத்திலிருந்தே இந்தப் படம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. நான் ஜாடியில் வைத்து வைத்துத் தண்ணீர் மாற்றினேனே, அந்தப் பூ ஒவ்வொன்றும் அந்தப் பலகையிலிருந்து எழுந்து வந்திருக்கிறது.

உனோ அன்றைக்கே வந்தான். யாரும் கூப்பிடவில்லை. படம் விற்பவன் பேயைப் பார்த்த கதை சந்து முழுக்கப் பரவியிருந்தது. அவன் உள்ளே வந்து, பாயில் நெற்றி படக் கவிழ்ந்தான். எழுந்திருக்கவில்லை.

மினெஷிரோ கேட்டார்: “உனோ, நான் மொத்தம் எத்தனை காலத்துலடா செத்தேன்?”

அவன் பாயைப் பார்த்தே சொன்னான். “நாணல்ல ஒண்ணு. சாமந்தியில ஒண்ணு. சுய்சென்ல ஒண்ணு.”

“பிளம் பூவுக்கும் கட்டை வெட்டி வெச்சிருந்தியா?”

“வெச்சிருந்தேன்.”

மினெஷிரோ சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், வயிறு குலுங்க. “செர்ரி காலம் வரைக்கும் இழுத்திருந்தா பலகையில என் மூஞ்சி தவிர மத்ததெல்லாம் ஒட்டுக்கட்டையா ஆயிருக்கும்.”

அவர் திட்டியிருந்தால் உனோ பிழைத்திருப்பான். படத்தை அவன் மூஞ்சியில் விட்டெறிந்திருந்தால் இன்றைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். சிரித்துவிட்டார். சிரிப்பைத் தாங்கத்தான் அவனுக்கு வழி தெரியவில்லை.

“அதை விடுங்கய்யா” என்றான். “அது மட்டும் இல்ல. வாசல்ல வந்து நின்னேன். உங்க முகத்துல துணி இருந்துச்சு. என் காலு உள்ள வரல. கடைக்குப் போச்சு. சேதியை நான்தான் சொன்னேன். அழறதுக்கு முன்னாடி அதைத்தான் சொன்னேன்.”

இதை அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஓரோகு கேட்கிறாளே, எதற்கு வக்காலத்து என்று. இதற்குத்தான். கேட்காததையும் சொல்லிவிட்டுக் கவிழ்ந்து கிடந்தவனை, மறைந்திருந்து கொல்லப் பார்த்தான் என்று சொல்ல நான் விடுவேனா?

மினெஷிரோவின் சிரிப்பு நின்றது. பிறகு அவர் படத்தை எடுத்து மடித்தார்.

“முகம் நல்லா வந்திருக்குடா. இதுக்கு முன்னாடி யாரும் என்னை இப்படிப் பெத்ததில்ல. அதனால சொல்றேன், மூணாம் மாசம் நான் மேடையேறப் போறேன். அதுக்கு ஒரு படம் போடச் சொல்லு. செர்ரிப் பூவோட, சிவப்பு அங்கியில. முகம் நீ செதுக்கணும். உயிரோட இருக்கிற முகம். செதுக்கிட்டேன்னா நமக்குள்ள கணக்குத் தீந்துச்சு.”

உனோ தலை நிமிர்ந்தான். அழுது வீங்கியிருந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். “செதுக்குறேன்” என்றான். என் மனதும் கொஞ்சம் இறங்கியது. கிணற்றடியில் யார் பேசினாலும், “அவங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சு, நீங்க உங்க சோத்தைப் பாருங்க” என்று வாயை அடைத்தேன். பேச்சு அதனால் ஒன்றும் குறையவில்லை. சிலர் உனோ போகும்போது மூக்கில் அங்கியின் கையை வைத்துக்கொண்டார்கள், பிணத்தைத் தாண்டுகிற மாதிரி. பெண்டாட்டி பிரசவிக்கப்போகிறவன் ஒருத்தன் அவனைத் தன் வாசலில் நிற்கக்கூடாது என்றே சொல்லிவிட்டான். உனோ அதற்கும் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டான்.

புது வருஷம் வந்தது. மினெஷிரோ எழுந்து நடந்தார். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பழைய வசனங்களைச் சொல்லிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் உளிச் சத்தம் தொடங்கும், நிற்கும். மறுபடி தொடங்கும், நிற்கும். பிறகு இழைப்புளி ஓடும் சத்தம். செதுக்கிக்கொண்டிருக்கிறவன் ஏன் இழைக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் போய் எட்டிப் பார்த்தேன். தரையெல்லாம் செர்ரிச் சுருள். அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“சோறு தின்னியாடா?”

“தின்னேன்க்கா.”

“பொய். பாத்திரம் காஞ்சு கெடக்கு.”

சோயாக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தேன். நான் நிற்கும்வரை தின்றான். நான் வீட்டுக்கு வந்து வெகுநேரம் வரை சத்தமே இல்லை.

பிளம் பூக்கள் உதிரத் தொடங்கிய சமயம், நல்ல வெயில் அடித்த ஒரு மதியம், துணி சுற்றிய பலகையோடு வந்தான். மினெஷிரோ சிவப்பு அங்கியைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். ஓரம் மடித்துக் குத்த எனக்கு வாயெல்லாம் ஊசிகள். “வந்துட்டியா? காட்டு, காட்டு” என்று அவர் குழந்தை மாதிரி கையை நீட்டினார்.

உனோ துணியை விலக்கினான். பலகை வெறுமையாக இருந்தது. வழவழவென்று, ஒரு கோடு இல்லாமல்.

“என்னடா இது?”

“முடியலய்யா.”

“வரைஞ்ச தாள் சரியில்லையா? வேற வரையச் சொல்றேன்.”

“தாள் நல்லாத்தான் இருக்கு. என் கைதான். கன்னத்துக்கு வரும்போது தானா ஒரு மயிரிழை உள்ள போயிடுது. அப்புறம் பாத்தா, அது அந்த முகம்தான். கண்ணைத் திறந்து வெச்சுப் பாத்தேன், அப்பவும் அந்த முகம்தான். இழைச்சுட்டு வேற பலகை எடுத்தேன். அதுலயும். எல்லாத்துலயும்.” அவன் தன் வலது கையை இடது கையால் பிடித்திருந்தான், நாயைக் கழுத்தில் பிடித்திருப்பதைப் போல. “ரொம்ப நாளா உங்களை அப்படித்தான் பாத்திருக்கேன்யா. நீங்க பேசும்போது, சிரிக்கும்போது, ஊறுகாய்க்குச் சண்டை போடும்போது. இதெல்லாம் நின்னுபோனா எப்படி இருக்கும்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கேன். இப்ப வேற மாதிரி பாக்கத் தெரியல.”

மினெஷிரோ மெதுவாகக் கையை உயர்த்தித் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு எங்கே இருக்கிறது, சதை எங்கே குழிகிறது என்று விரல் தேடியது. அதுவரை அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் பவுடர் பூசும்போதுகூட அவர் முகத்தை ஒரு வேஷமாகத்தான் தொடுவார்.

உனோ அந்தக் கையைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. இதுவரை அவன் தனக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான். இப்போது, தான் பார்த்ததை அவரையும் பார்க்க வைத்துவிட்டோமே என்று வெட்கப்பட்டான். அதற்கு மேல் வெட்கம் கிடையாது.

“போயிட்டு வரேன்யா” என்று சொல்லவில்லை. நெற்றி பாயில் படும்படி ஒருமுறை வணங்கினான். பலகையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தான்.

நான் வாயிலிருந்த ஊசிகளைத் துப்பிவிட்டு வாசலுக்கு முன்னால் போனேன். எந்த விருந்தாளிக்கும் வைப்பதைப் போல அவன் செருப்பை வெளியே பார்த்துத் திருப்பி வைத்தேன். தோளில் ஒரு சின்ன மூட்டை இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“எங்கடா இது, மூட்டையோட?”

“சோஷிக்கு. தம்பி படகு கட்டுறான். ஆணி அடிக்கலாம்.”

“பைத்தியமா உனக்கு? அவர் உன்மேல கோபமா இல்லடா.”

“தெரியும்க்கா.” வார்ப்பட்டையைச் சரிசெய்தான். “நம்ம சுவர்ல என் பக்கம் கீழ ஒரு ஓட்டை இருக்கு. எலி வரும். களிமண்ணு பிசைஞ்சு வெச்சிருக்கேன், காயறதுக்குள்ள அடைச்சுக்கோங்க.”

“நாளைக்கு வந்து நீயே அடை” என்றேன். பிடிவாதமாகத்தான் சொன்னேன்.

உள்ளே மினெஷிரோ சிவப்பு அங்கியோடு, கன்னத்தில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். உனோ அந்தப் பக்கம் பார்க்காமலே குனிந்தான். வாசலைத் தாண்டினான். கிணற்றடியில் அரிசி களைந்துகொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களுக்கும் குனிந்தான். ஒருத்தியும் திரும்பக் குனியவில்லை. ஓடவில்லை அவன். தளும்பத் தளும்பத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் எப்படி நடப்பானோ அப்படி, தோளை அசைக்காமல், சந்தின் நடுவே நடந்து போனான்.